பரிசலோட்டத்தில் கையும் கருத்தும்

குடகு மலையில் பிறந்து, கிருஷ்ணராஜசாகரத்தில் தேங்கி, கபினியின் நீரையும் சேர்த்துக்கொண்டு, காடும் கரடும் கடந்து தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாட்டு மண்ணைத் தொடும் காவேரி, ஒகேனக்கல்லில் பல கிளைகளாகப் பிரிந்து பாறைகளின் மேலிருந்து விழுகிறது. அதுவரை அகன்று பரந்து வந்த அதே பிரவாகம், விழுந்த மாத்திரத்தில், இருபுறமும் செங்குத்தான பாறைச்சுவர்கள் நெருக்கும் ஒடுங்கிய பள்ளத்தில் அடங்கி ஓடவேண்டியதாகிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்லும் இந்தப் பாறை வழியில், நீர் ஓரிடத்தில் குளம்போல் நிற்கிறது. பத்து முழம் தள்ளிச் சுழிக்கிறது. அதற்கப்பால் பாறையில் மோதித் தான் வந்த திசையிலேயே திரும்பி ஏறுகிறது. இத்தகைய நீரில், சுக்கானும் பாயும் இயந்திரமும் இல்லாத ஒரு வட்டக் கூடையில், ஒற்றைத் துடுப்பை மட்டும் கையிற் கொண்டு, குழந்தையும் குட்டியுமாக ஒரு குடும்பத்தையே உட்காரவைத்து ஒருவர் ஓட்டிச்செல்கிறார் என்பது, நாம் பார்த்துப் பழகிவிட்டமையால் வியப்பாகத் தோன்றாமற் போன ஒரு பெரிய வித்தை. அந்த வித்தையை அவர் எப்படிக் கற்றார், கற்றது அவரிடம் எங்கே தங்கியிருக்கிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டால், மனோதத்துவ அறிஞர்கள் நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்துவரும் மிகச் சூக்ஷ்மமான ஒரு விஷயத்தின் நடுவிலே போய் நிற்கிறோம்.

பரிசலின் அமைப்பை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. மூங்கிற் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஏறக்குறைய ஏழடி விட்டமுள்ள கூடையாக வளைத்து, அதன் வெளிப்புறத்தில் முற்காலத்தில் மாட்டுத்தோலையும் இக்காலத்தில் பிளாஸ்டிக் தாளையும் போர்த்தித் தார் பூசினால் பரிசல் ஆயிற்று. அடிப்பாகம் தட்டையானதால் ஆழமில்லாத நீரிலும் தடையின்றி மிதக்கும். வேண்டும்போது ஓர் ஆள் அதைக் கவிழ்த்துத் தலைமேல் ஏந்திக் கரையோடு நடந்துவிடலாம். இது நம் ஊருக்கு மட்டும் உரிய கருவியன்று. யூப்ரடீஸ் நதியில் தோல் போர்த்த வட்டப் படகுகள் செல்வதைக் கிரேக்கச் சரித்திராசிரியர் ஹெரடோட்டஸ் வருணித்திருக்கிறார். அப்படகை இருவர் ஓட்டுவர் என்றும், ஒருவர் துடுப்பைத் தம்பக்கம் இழுக்க மற்றவர் வெளிப்பக்கம் தள்ளுவர் என்றும் அவர் கவனித்து எழுதியிருப்பது, விஷயம் தெரிந்தவர்களுக்கு மிக்க சுவையான குறிப்பு. 1520-ஆம் ஆண்டளவில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டோமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் மக்கள் கூடைபோன்ற படகுகளிற் கடப்பதைக் கண்டு, அவை எந்நேரமும் சுழன்றுகொண்டே இருக்கின்றன, மற்றப் படகுகளைப்போல் நேராகச் செல்லமாட்டா என்று குறித்துவைத்தார்.

பயஸ் கண்ட அந்தச் சுழற்சியில்தான் பரிசலின் கஷ்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நீண்ட படகுக்கு மூக்கு உண்டு, முதுகெலும்பு உண்டு. ஒரு தடவை திசை காட்டிவிட்டால் சிறிது தூரம் அந்தத் திசையிலேயே போக வேண்டும் என்ற பிடிவாதம் அதற்கு இயல்பாகவே உண்டு. பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதன் பக்கவாட்டில் நீரைத் தள்ளினீர்களானால் அது முன்னே செல்லாமல் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். ஆகவே தேர்ந்த பரிசல்காரர் போகவேண்டிய திசையை நோக்கி அமர்ந்து, துடுப்பை முன்னே நீட்டி, எதிரேயுள்ள நீரைத் தம்மை நோக்கி வாரி இழுக்கிறார். வலப்பக்கமாகச் சாய்த்து ஓர் இழுப்பு, இடப்பக்கமாகச் சாய்த்து ஓர் இழுப்பு என்று மாற்றி மாற்றிப் போடும்போது, முதல் இழுப்பால் பிறந்த சுழற்சியை அடுத்த இழுப்பு அழிக்கிறது. எஞ்சுவது முன்னேற்றம் மட்டுமே. இதை இப்படி எழுதிவிடுவதற்கு இரண்டு வரி போதும். ஆனால் இந்த இரண்டு வரியை மனப்பாடம் செய்துகொண்டு துடுப்பைப் பிடிப்பவர், துறையை விட்டு நகராமல், நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றுவார்.

கோத்திக்கல் துறையிலோ சின்னாற்றுத் துறையிலோ பரிசல் ஏறியவர்களுக்கு நினைவிருக்கும். உயிர்காப்பு மேலங்கியை மாட்டிக்கொண்ட பிறகு பரிசல்காரர் சொல்லும் வார்த்தைகள் சிலவே: “சுத்தியும் சமமா உக்காருங்க, நடுவுல எந்திரிக்காதீங்க, ஒரே பக்கம் சாயாதீங்க.” சொல்லத்தக்கது எதுவோ அதை அவர் நமக்குச் சொல்லிவிட்டார். தம் மகனுக்கோ தம்பிக்கோ கற்றுக்கொடுக்கும்போது இன்னும் கொஞ்சம் சொல்லக்கூடும்: இன்ன பாறைக்குக் கீழே சுழல் உண்டு, இவ்வளவு தண்ணீர் வந்தால் இந்த வழி ஆகாது, மணல்திட்டில் இந்தப் பக்கம் ஒதுங்கு, என்பனபோல. அதற்குமேல் கேட்டால், துடுப்பை எவ்வளவு ஆழம் இறக்கினீர், எந்தக் கணத்தில் மணிக்கட்டைத் திருப்பினீர், பரிசல் சுற்றப்போகிறது என்பதை எந்த அறிகுறியால் முன்கூட்டி அறிந்தீர் என்று துருவினால், அவர் செய்து காட்டுவாரேயன்றிச் சொல்லமாட்டார். அதனை அவர் மறைக்கவில்லை; சொல்லாகக்கூடிய வடிவத்தில் அது அவரிடம் இல்லை. கற்றவை இரண்டு இடங்களில் இரண்டு வகையாகத் தங்கியிருக்கின்றன: ஒன்று பிரக்ஞையின் வெளிச்சத்தில், கேட்டால் எடுத்துச் சொல்லக்கூடியதாய், மற்றொன்று பிரக்ஞைக்கு எட்டாத ஆழத்தில், செயலின்போது மாத்திரமே வெளிப்படுவதாய்.

இவ்விரண்டுக்கும் உள்ள உறவைப்பற்றி நெடுங்காலமாக நிலவிவந்த அபிப்பிராயம் எளிமையானது. முதலில் மனிதன் யோசித்து யோசித்துச் செய்கிறான். செய்யச் செய்யப் பழக்கமாகிறது. பழக்கமானபின் யோசனை விலகிக்கொள்கிறது என்பதே அது. வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட மனோதத்துவப் பெருநூலில் பழக்கத்தைப்பற்றி எழுதிய அத்தியாயம் இக்கருத்தைப் புகழ்பெறச் செய்தது. 1897-லும் 1899-லும் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி அலுவலர்களை ஆராய்ந்து, தனித்தனி எழுத்தாகக் கேட்கத் தொடங்கியவர்கள் பின்னர்ச் சொல்லாகவும் தொடராகவும் கேட்கப் பழகுவதைக் காட்டினார்கள். 1967-இல் ஃபிட்ஸும் போஸ்னரும் இந்தப் படிமுறையை மூன்று நிலைகளாக வகுத்து, மூன்றாவது நிலைக்குத் தானியங்கும் நிலை என்று பெயரிட்டார்கள். நம் ஊர்களில் தட்டச்சுப் பயிலகத்தின் மர நாற்காலியில் உட்கார்ந்து, விரல்களை இன்ன எழுத்தின்மேல் இன்ன வரிசையில் வைக்கவேண்டுமென்று ஓயாது அடித்து, நிமிஷத்துக்கு 30 சொல் என்ற இளநிலைத் தேர்வையும் 45 சொல் என்ற முதுநிலைத் தேர்வையும் தேறிய லட்சக்கணக்கானோர்க்கு இது சொந்த அனுபவம். 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நிமிஷத்துக்குச் சராசரியாக எழுபதுக்கு மேற்பட்ட சொற்களை அதிகப் பிழையின்றி அடிக்கக்கூடியவர்களிடம் எழுத்துகள் இல்லாத வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னபோது, 26 எழுத்துகளில் சராசரியாகப் பதினைந்தைத்தான் அவர்களால் சரியான இடத்தில் குறிக்க முடிந்தது. விரல் அறிந்ததை அவர்கள் அறியவில்லை.

இரண்டு அறிவும் மூளையில் வெவ்வேறு இடங்களைச் சார்ந்தவை என்பதற்கு மறுக்கமுடியாத சான்று கிடைத்தது ஒரு துயரமான வைத்தியத்தின் விளைவாக. வலிப்பு நோயால் வருந்திய ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு 1953-இல் மூளையின் இருபுறத்தும் உட்பகுதியில் ஒரு பாகத்தை அகற்றினார்கள். அதன்பின் அவர் 2008-இல் இறக்கும்வரை, புதிதாக நடந்த எதையும் சில நிமிஷங்களுக்கு மேல் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதவராகவே வாழ்ந்தார். பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர் அவரிடம், தம் கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திர வடிவின்மேல் கோடிழுக்கும் பயிற்சியைக் கொடுத்தார். கண்ணாடியில் முன்பின்னாகத் தோன்றுவதால் முதலில் எவர்க்கும் கை தடுமாறும் காரியம் அது. மூன்று நாட்களில் அவர் கை தேர்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் அதை முதன்முறையாகச் செய்வதாகவே அவர் எண்ணினார். கற்ற ஆள் மறந்துவிட்டார்; கற்ற கை மறக்கவில்லை.

இதனால் நாம், பழக்கம் முற்றியபின் கருத்துக்கு வேலையில்லை என்ற பழைய முடிவுக்கே திரும்பி வந்துவிடக்கூடும். அந்த முடிவு பாதி சரி. மறுபாதி தவறு என்பதே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது. இரண்டு அறிவும் ஒன்று போய் மற்றொன்று வருவன அல்ல. முதல்நாள் முதல் கடைசிநாள்வரை இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே செயலில், தத்தம் வேலையைச் செய்துகொண்டேயிருக்கின்றன. சில வேளை ஒன்றுக்கொன்று இடைஞ்சலாகவும் நிற்கின்றன. 2006-இல் பியட்ரோ மசோனியும் ஜான் கிராக்கவரும் செய்த ஒரு பரிசோதனை இதை மிக அழகாகக் காட்டுகிறது.

பரிசோதனைக்கு உட்பட்டவர் தம் கையைப் பார்க்க முடியாது. கையின் அசைவை ஒரு திரையில் நகரும் புள்ளியாக மட்டுமே காண்பார். அந்தப் புள்ளியை ஓர் இலக்கிற்குக் கொண்டுபோக வேண்டும். இலக்குகள் வட்டமாக, 45 பாகை இடைவெளியில் அமைந்துள்ளன. திடீரென்று புள்ளி, கை செல்லும் திசையிலிருந்து 45 பாகை விலகிச் செல்லுமாறு செய்துவிடுகிறார்கள். அவர் தடுமாறுகிறார். உடனே உண்மையை அவருக்குச் சொல்லி, “அடுத்த இலக்கை நோக்கிக் கையை நகர்த்துங்கள், புள்ளி நீங்கள் விரும்பிய இலக்கிற்கே போய்ச்சேரும்” என்று உபாயமும் கற்பிக்கிறார்கள். உபாயம் உடனே பலிக்கிறது. பிழை அறவே நீங்குகிறது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அதே உபாயத்தை விடாமற் பின்பற்றிக்கொண்டிருக்கும்போதே, சிறுகச் சிறுகப் புள்ளி இலக்கைத் தாண்டி மறுபுறம் விலகத் தொடங்குகிறது. அவருக்குக் காரணம் புரியவில்லை. இலக்குத் தவறுகிறது என்பதைக் கண்ணாற் கண்டும் தடுக்க முடியவில்லை.

காரணம் இதுதான். கருத்துக்கு வேண்டியது இலக்கு. புள்ளி இலக்கிற் சேர்ந்தால் அதற்குத் திருப்தி. ஆழத்திலுள்ள மற்றக் கல்விக்கோ இலக்கைப்பற்றிய கவலையே இல்லை. ‘கையை இங்கே அனுப்பினேன், புள்ளி வேறெங்கோ போயிற்றே’ என்ற முரண்பாட்டை மட்டுமே அது அறியும். அந்த முரண்பாடு உள்ளவரை, இலக்குச் சித்தித்தாலும் சித்திக்காவிட்டாலும், அது தன் திருத்தத்தை நிறுத்துவதில்லை. 2010-இல் டெய்லர், ஐவ்ரி முதலியோர் சிறுமூளை பழுதுபட்ட நோயாளிகளை இதே பரிசோதனைக்கு உட்படுத்தினர். அவர்கள் உபாயத்தைப் பின்பற்றியபோது அந்த விலகல் மிகச் சிறிதே தோன்றியது. திருத்திக்கொண்டேயிருக்கும் அந்த மௌன மாணவனுக்குச் சிறுமூளை இன்றியமையாதது என்பது அதனால் புலப்பட்டது. பயிற்சியை நீட்டித்தபோது ஆரோக்கியமுள்ளவர்களுக்கும் விலகல் மெல்ல மறைந்தது. ஏனெனில் ஆழத்துக் கல்வி எவ்வளவு திருத்திக்கொண்டதோ அவ்வளவுக்குக் கருத்துத் தன் உபாயத்தைக் குறைத்துக்கொண்டது. 2014-இல் இதே ஆராய்ச்சியாளர்கள், ஒவ்வோர் அசைவுக்கு முன்னும் எங்கே குறிவைக்கிறீர்கள் என்று வாயாற் சொல்லச்சொல்லி, சொன்ன குறியையும் கை சென்ற இடத்தையும் ஒப்பிட்டு, இரண்டு கல்வியையும் தனித்தனியே அளந்தும் காட்டினார்கள். கருத்தின் கல்வி வேகமானது. தாவித் தாவிச் சோதித்துப் பார்ப்பது. ஆழத்தின் கல்வி மெதுவானது. ஒரே சீராக ஏறுவது.

இதை ஒகேனக்கல் நீரிற் பொருத்திப் பாருங்கள். பரிசல்காரருக்கு ஒவ்வோர் இழுப்பிலும் இரண்டு செய்திகள் வருகின்றன. பரிசல் அந்தப் பாறையிடுக்கை அடைந்ததா என்பது ஒன்று. இழுத்த இழுப்புக்குக் கை எதிர்பார்த்தபடி பரிசல் அசைந்ததா என்பது மற்றொன்று. முதற்செய்தியைக் கருத்து வாங்கிக்கொண்டு வழியை மாற்றுகிறது. இரண்டாவதை ஆழத்துக் கல்வி வாங்கிக்கொண்டு அடுத்த இழுப்பின் பலத்தையும் சாய்வையும் அவரறியாமலே மாற்றுகிறது. பருமனான ஒருவர் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தால், ஐந்தாறு இழுப்புக்குள் கை அதற்கேற்பத் தன்னைச் சரிப்படுத்திக்கொண்டுவிடும். அவர் அதைப்பற்றி ஒரு நிமிஷமும் சிந்தித்திருக்கமாட்டார். ஆனால் இன்று எந்த வழியாகப் போவது, பிரதான அருவிக்கு எவ்வளவு அருகில் போவது, போகாமலே இருப்பதா என்பனவற்றைக் கை தீர்மானிக்க முடியாது. மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் நீர்வரத்து, வினாடிக்கு இத்தனை கன அடி என்று அறிவிக்கப்படுகிறது. கர்நாடக அணைகளில் திறந்துவிடும் அளவையும் மேற்கே பெய்யும் மழையையும் பொறுத்து அது சில ஆயிரத்திலிருந்து, 2018 ஆகஸ்டில் நேர்ந்ததைப்போல், லட்சத்துக்கு மேலும் போகும். நேற்றுத் தலை நீட்டிய பாறை இன்று நீருக்கடியில் மறைந்து அதன்மேல் சுழல் ஒன்று பிறந்திருக்கும். இந்த ஆற்றில் வெறும் கைப்பழக்கத்தை நம்புகிறவர் நேற்றைய ஆற்றில் ஓட்டுகிறவர்.

கையிலும் ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதில்லை. ரஷ்ய அறிஞர் நிக்கலாய் பெர்ன்ஸ்டீன் 1920-களில் மாஸ்கோவில், உளியின்மேல் சம்மட்டி அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளின் அசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார். சம்மட்டி ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது; ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு தடவையும் சற்றே வேறு வேறு விதமாக அசைந்தன. ஓர் அங்கத்தின் பிசகை மற்றோர் அங்கம் அப்போதைக்கப்போது ஈடுசெய்தது. அப்பியாசம் என்பது ஒரே விடையைத் திரும்பச் சொல்வதன்று, ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் புதிதாகப் போடுவது என்பது அவர் கண்ட உண்மை. அசையாத உளிக்கே இது பொருந்துமானால், ஒரு கணமும் நில்லாத நீருக்கு எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கருத்து எப்போதும் வேண்டும் என்றால், எதன்மேல் வேண்டும்? 2002-இல் சியன் பைலாக் முதலியோர் கால்பந்தாட்டக்காரர்களை வைத்துச் செய்த சோதனையில், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போது பாதத்தின் எந்தப் பக்கம் பந்தைத் தொட்டது என்று கவனிக்கச் சொன்னவுடனே தேர்ந்த ஆட்டக்காரரின் ஓட்டம் கெட்டது. புதியவர்களுக்கோ அந்தக் கவனம் உதவி செய்தது. 1998-இல் கேப்ரியேல் வுல்ஃப் முதலியோர், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் தம் பாதத்தைக் கவனித்தவர்களைவிடப் பாதத்துக்குக் கீழுள்ள சக்கரத்தைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றதைக் கண்டனர். அதாவது, தேர்ச்சி பெற்றவர் தம் உறுப்பின்மேல் கருத்தைச் செலுத்தினால் ஆழத்துக் கல்வியின் வேலையிற் குறுக்கிடுகிறார். செயல் சென்று தாக்கும் இடத்தின்மேல் செலுத்தினால் அதற்கு வழிகாட்டுகிறார். பரிசல்காரரின் கண் துடுப்பின்மேலும் கையின்மேலும் படிவதேயில்லை. சில கஜ தூரம் முன்னால், நீரின் மேற்பரப்பிலே நிற்கிறது. பிரயாணிகளில் எவரேனும் “அண்ணே, ஒரு தடவை சுத்தி விடுங்க” என்று வேண்ட, அவர் இடம் பார்த்துப் பரிசலைச் சக்கரமாகச் சுற்றிவிட்டு, விரும்பிய கணத்தில் ஒரே இழுப்பில் நிறுத்தித் திசைக்குக் கொண்டுவருகிறார். எந்த இடத்தில் சுற்றலாம் என்பதைக் கருத்துத் தேர்ந்தது. நிறுத்திய இழுப்பைக் கை அறிந்தது.

இவற்றையெல்லாம் எண்ணும்போது, இத்தகைய தொழில்களை ‘கைப்பழக்கம்தானே’ என்று ஒரு வார்த்தையிற் கீழே தள்ளிவிடும் நம் சமூகத்தின் வழக்கம் எனக்குப் பெருத்த அநியாயமாகவே படுகிறது. ஏட்டில் எழுதக்கூடியதை மட்டும் அறிவு என்று கொண்டு, எழுதவியலாததைப் பழக்கம் என்று ஒதுக்கும் இப்பாகுபாடு, மேற்சொன்ன ஆராய்ச்சிகளில் ஒன்றிலாவது ஆதரவு பெறுவதில்லை. மிருதங்கம் பயிலும் பிள்ளை ‘தா தீ தொம் நம்’ என்று வாயாற் சொல்லிக் கையாற் கொட்டும்போது, சொல்லும் கையும் ஒன்றையொன்று திருத்துவதை நாம் வித்தை என்று போற்றுகிறோம். மேடையில் வித்வானின் கை தானே ஓடும்போதும் கணக்கை அவர் கருத்திற் பிடித்திருக்கிறார் என்பதை அறிந்தே தலையசைக்கிறோம். பரிசல் துறையில் நடப்பதும் அதே வகையான காரியம். இங்கே கணக்குத் தவறினால் போவது மனித உயிர்.

வெள்ளம் மிகுந்த காலத்தில் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத்துக்குத் தடை விதிக்கிறது. சில ஆண்டுகளில் அது வாரக்கணக்கிலும் நீளும். அந்த நாட்களில் வருமானம் போவதோடு பயிற்சியும் நின்றுபோகிறது. தேர்ந்தவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. புதிதாகக் கற்கும் இளைஞர்க்கே நஷ்டம் அதிகம், ஏனெனில் சீராக மெல்ல ஏறும் ஆழத்துக் கல்விக்கு நீரில் கழிக்கும் நாழிகைகளைத் தவிர வேறு உணவு கிடையாது. தடை நீங்கி மறுபடி துடுப்பைப் பிடிக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதற்கும் 2015-இல் வெளியான ஆராய்ச்சிகள் சிலவற்றில் விடை உண்டு. ஒருமுறை கற்று விட்டுவிட்டதை மறுமுறை கற்கும்போது மனிதர் விரைவாகத் தேறுவதை ஆராய்ந்தவர்கள், அந்த விரைவு பெரும்பாலும் கருத்திலிருந்தே வருகிறது என்று கண்டார்கள்: ‘சென்ற தடவை இப்படி நேர்ந்தபோது இப்படிச் செய்தோம்’ என்ற நினைவு உடனே எழுந்து குறியை மாற்றிவிடுகிறது, ஆழத்துத் திருத்தமோ தன் பழைய நிதானத்திலேயே மறுபடி ஏறத் தொடங்குகிறது. ஆகையால், நீர் வடிந்தபின் முதல் நடையில் அனுபவமுள்ள பரிசல்காரரை முதலில் நடத்துவது, இவ்வளவு வரத்தில் இந்தப் பாறைக்கு இடப்பக்கம் என்ற நினைவே. பரிசல் துறையை விட்டு நகர்ந்து சில இழுப்புகள் விழுந்தபின்னரே கை அவரோடு வந்து சேர்ந்துகொள்கிறது.